தலைமையகத்தின் பயணச் செயலி யாழ்ப்பாணத்துக்கு வந்தபோது: 11 மாதப் பாவனையின் பின் ஒரு மதிப்பீடு

கொழும்பில் தலைமையகமும் யாழ்ப்பாணத்தில் கிளையும் உள்ள ஒரு நிறுவனத்தின் நிர்வாகப் பிரிவில் நான் பணியாற்றுகிறேன். கணக்காய்வாளர்கள், பயிற்றுநர்கள், மென்பொருள் பொறியியலாளர்கள் என்று மாதந்தோறும் பத்துப் பன்னிரண்டு பேர் இங்கே வருவதும், இங்கிருந்து ஏறக்குறைய அதே தொகையினர் கொழும்புக்கும் இடையிடையே சென்னைக்கும் போவதும் வழமை. அவர்களுடைய போக்குவரத்தையும் தங்குமிடத்தையும் ஒழுங்குசெய்வது நெடுங்காலமாக என் மேசைக்குரிய வேலையாக இருந்தது. 11 மாதங்களுக்கு முன்னர் தலைமையகம் அந்த வேலையைப் பயண முகாமைத்துவச் செயலி ஒன்றிடம் ஒப்படைத்தது. வெளிநாட்டு நிறுவனம் ஒன்று ஆண்டுச் சந்தாவுக்கு வழங்கும் சேவை அது. அதன் பெயரை இங்கே எழுதவில்லை. நான் சொல்லப்போகும் குறைகள் அந்த ஒன்றுக்கு மட்டும் உரியவை அல்ல. ஒப்பந்தத்துக்கு முன்னர் போட்டிக்கு வந்த வேறு இரண்டு செயலிகளையும் பரீட்சித்துப் பார்த்தேன்; அவையும் இதே இடங்களில்தான் இடறின. சந்தாவைப் புதுப்பிக்கும் மாதம் நெருங்குவதால் தலைமையகத்துக்குக் கொடுத்த அறிக்கையை, இதே முடிவை எடுக்கவேண்டியிருக்கும் யாழ்ப்பாணத்து அலுவலகங்களுக்காகச் சற்று விரித்து எழுதுகிறேன்.

நல்லதை முதலில் சொல்லிவிடுகிறேன், ஏனெனில் அது சிறிய நன்மை அல்ல. செயலி வருவதற்கு முன்னர், வேலைக்காகப் பயணம் போகும் உத்தியோகத்தர் பஸ் கட்டணம் முதல் விடுதி வாடகை வரை தன் பணத்தில் கட்டி, பற்றுச்சீட்டுகளை ஒரு கடித உறையில் போட்டுக் கொண்டுவந்து தருவார். மழையில் நனைந்து மை கரைந்த சீட்டும், தேநீர்க்கடைக்காரர் வெற்றுத்தாளில் தொகையை எழுதிக் கையொப்பமிட்டுக் கொடுத்த துண்டும் அவற்றுள் கட்டாயம் இருக்கும். நான் அவற்றைத் தாளில் ஒட்டி, கூட்டிக் கணக்கெழுதி, கொழும்புக்கு அனுப்பி, அங்கிருந்து வரும் கேள்விகளுக்கும் பதில் எழுதி முடிய, பணம் அவருடைய கணக்குக்கு வந்துசேர மூன்று கிழமையாகும். சம்பளம் கரைந்துபோன மாதக் கடைசியில் ஓர் இளம் உத்தியோகத்தர் இரண்டு இரவு வாடகையைத் தன் கையிலிருந்து கட்டுவது எவ்வளவு பாரம் என்பதைத் தலைமையகத்தில் எவரும் நினைத்துப் பார்த்ததில்லை. பயணத்தைத் தவிர்க்கக் காய்ச்சல் என்றும் அம்மம்மாவின் திவசம் என்றும் காரணம் சொன்னவர்கள் எமது கிளையில் இருந்தார்கள். கையில் காசில்லை என்பதே உண்மைக் காரணம் என்று எனக்குத் தெரியும். எழுத்தில் அதை எவரும் தரமாட்டார்கள்.

இப்போது நிறுவனமே நேரடியாகக் கட்டுகிறது. பயணிப்பவர் தானே செயலியைத் திறந்து, நிறுவனத்தின் பயணக் கொள்கை ஏற்கெனவே அதனுள் பொதிந்திருப்பதால் அந்த வரம்புக்குள் உள்ளதைத் தெரிவுசெய்கிறார். வரம்பை மீறினால் மட்டும் அனுமதிக் கோரிக்கை மேலதிகாரிக்குப் போகிறது. (பயண அனுமதி என்ற சொல்லைக் கேட்டவுடன், போர்க்காலத்தில், யாழ்ப்பாணத்தைத் தெற்கோடு இணைக்கும் ஏ9 வீதி 2006 ஓகஸ்டில் மூடப்பட்ட பின்னர் கப்பலுக்கும் விமானத்துக்கும் அனுமதி எடுக்க வரிசையில் நின்ற எனது வயதினருக்கு வேறொரு நினைவு வரும். இளையவர்கள் திரையில் ஒரு பொத்தானை அழுத்திவிட்டுத் தேநீர் குடிக்கப் போகிறார்கள், அது நல்லதுதான்.) கட்டணத்துக்குச் செயலி கையாளும் முறை மெய்நிகர் அட்டை எனப்படுகிறது. ஒவ்வொரு பதிவுக்கும் புதிதாக ஒரு கடனட்டை எண் உருவாகிறது. குறித்த தொகைக்கு மேல் அதில் எடுக்க முடியாது, குறித்த திகதிக்குப் பின்னர் அது செல்லாது. எண் பிறர் கைக்குப் போனாலும் இழப்புக்கு ஓர் எல்லை உண்டு; எந்தச் செலவு எந்தப் பயணத்துக்குரியது என்பதும் கணக்கில் தானாகவே பொருந்திவிடுகிறது. நிறுவனப் பயணங்களில் இன்று பல நாடுகளிலும் பரவிவரும் மாற்றங்களுள், எங்களைப் போன்ற சிறிய கிளை ஒன்றுக்கு உண்மையிலேயே பயன்தரக்கூடியது எதுவென்று கேட்டால் இதைத்தான் சொல்வேன்.

ஆனால் அந்த அட்டை வேலை செய்வதற்கு மறுபக்கத்தில் ஓர் ஆயத்தம் வேண்டும். நகரத்தின் பெரிய ஹோட்டல்களில் எமக்கு ஒருநாளும் சிக்கல் வந்ததில்லை. சிறிய விடுதிகளில் நிலைமை வேறு. எமது பயிற்றுநர் ஒருவர் இரவு ஒன்பது மணிக்கு ஒரு விடுதியின் வரவேற்பு மேசைக்குப் போனார். மேசையிலிருந்த பையன் அட்டை இயந்திரத்தை நீட்டி, "கார்ட்டைத் தாங்கோ சேர்" என்றான். தருவதற்குக் கையில் அட்டை இல்லை. எண் விடுதியின் மின்னஞ்சலுக்குப் போயிருந்தது. அந்த மின்னஞ்சலைத் திறப்பவரோ கனடாவில் வசிக்கும் உரிமையாளரின் மகன். ரொறன்ரோவில் அப்போது முற்பகல். அவர் தன் வேலையில் இருந்தார், தொலைபேசியை எடுக்கவில்லை. பயிற்றுநர் ஒரு மணி நேரம் கதிரையில் இருந்து பார்த்துவிட்டுத் தன் பணத்தைக் கட்டி அறைக்குப் போனார். மறுநாள் அதே தொகையை மெய்நிகர் அட்டையிலிருந்தும் விடுதி எடுத்துவிட்டது. அதைத் திருப்பிப் பெற நான் எழுதிய மின்னஞ்சல்களின் தொகை, பழைய கடித உறைக் காலத்தில் ஒரு மாதத்துக்கு எழுதியதைவிடக் கூடுதல்.

அடுத்து, தேடல். கொழும்பு – யாழ்ப்பாணம் என்று இந்தச் செயலியில் முதன்முதல் தேடிய நாளை மறக்கமாட்டேன். கொழும்புக்கான விமான நிலையமான கட்டுநாயக்கவில் ஏறி, சென்னையில் இறங்கி, அங்கே இன்னொரு விமானம் பிடித்து யாழ்ப்பாண விமான நிலையம் உள்ள பலாலிக்கு வருவதே முதற்தெரிவு என்று அது காட்டியது. ஏறக்குறைய 400 கிலோமீற்றர் தரைவழி உள்ள இரண்டு நகரங்களுக்கிடையில் போக, கடலைக் கடந்து வேறொரு நாட்டுக்குப் போய்த் திரும்பிக் கடலைக் கடக்க வேண்டும். கடவுச்சீட்டு எடுத்துச்செல்லுமாறு நினைவூட்டலும் வந்தது. அலுவலகத்தில் அன்று முழுவதும் இதே கதைதான்.

சிரிப்புக்கு அப்பால், இப்படி நடப்பதற்கான காரணம் புரிந்துகொள்ள வேண்டியது. இவ்வகைச் செயலிகள் தாமாக எதையும் அறிவதில்லை. விமான நிறுவனங்களும் ஹோட்டல் சங்கிலிகளும் தமது இருக்கைகளையும் அறைகளையும் உலகளாவிய விநியோக வலையமைப்புகளுக்கு ஊட்டுகின்றன. செயலி அங்கிருந்து எடுத்துத் தருகிறது. அந்த வலையமைப்பில் இல்லாத ஒன்று செயலியைப் பொறுத்தவரை இந்தப் பூமியிலேயே இல்லை. யாழ்தேவி 1956இல் ஓடத் தொடங்கிய புகையிரதம். 1990இல் போரினால் யாழ்ப்பாணத்துக்கான சேவை நின்று, 2014 ஒக்டோபர் 13ஆம் திகதி யாழ்ப்பாண நிலையத்துக்கு அது மீண்டும் வந்தபோது ஊரே திரண்டு போய்ப் பார்த்தது. இன்று யாழ்ப்பாணத்திலிருந்து வேலைக்காகக் கொழும்பு போகிறவர்களில் கணிசமானோர் புகையிரதத்தையே நம்பியிருக்கிறார்கள். புகையிரதத் திணைக்களம் இணையவழி ஆசன முன்பதிவும் நடத்துகிறது. அந்த முன்பதிவுக்கும் எமது செயலிக்கும் இடையில் எந்த இணைப்பும் இல்லை. ஆகவே உத்தியோகத்தர் முன்போலவே தன் பெயரில், தன் பணத்தில் ஆசனம் எடுத்து, முன்போலவே சீட்டைக் கொண்டுவந்து என்னிடம் தருகிறார். கடித உறை இன்னும் என் இழுப்பறையில் இருக்கிறது.

புகையிரதத்தையாவது ஒரு நேர அட்டவணையாக உலகம் அறியும். இரவுச் சொகுசு பஸ்ஸை என்ன செய்வது? மாலையில் யாழ்ப்பாணத்தில் வேலையை முடித்துவிட்டு ஏறினால் விடிய வெள்ளவத்தையில் இறங்கலாம். அங்கே அலுவலை முடித்து அன்றிரவே ஏறினால் மறுநாள் விடிய வீட்டு வாசல். ஒரு பகலும் வீணாகாது, ஓர் இரவு அறை வாடகையும் மிச்சம். முறிகண்டியில் பஸ் நிற்கும்போது இறங்கிப் பிள்ளையாருக்குத் தேங்காய் உடைத்து, ஒரு பொட்டலம் கச்சானோடு ஏறிவிட்டால் பயணம் தொடங்கியதாக அர்த்தம். ஆசனம் பதிவது தொலைபேசியில். சிலரிடம் இப்போது இணையத்திலும் உண்டு. நடத்துநருக்கு எங்கள் குரல் தெரியும். பெண் உத்தியோகத்தர் தனியாகப் போகிறார் என்றால் பக்கத்து ஆசனத்தில் இன்னொரு பெண்ணை இருத்திவிடுவார். பெண் பயணிகளின் பாதுகாப்புக்கெனச் செயலியில் ஒரு தனிப் பகுதியே இருக்கிறது; 24 மணி நேர வரவேற்பு மேசையும் வெளிச்சமான வாகனத் தரிப்பிடமும் உள்ள ஹோட்டல்களுக்கு அது ஒரு குறியீடு இடுகிறது. பயனுள்ள குறியீடுதான். ஆனால் நடத்துநர் செய்யும் காரியத்துக்கு அதில் கட்டம் இல்லை.

இந்த இரவு பஸ்ஸிலிருந்துதான் செயலிக்கும் யாழ்ப்பாணத்துக்கும் இடையிலான பெரிய பிணக்கு தொடங்குகிறது. கொழும்பிலிருந்து வருகிறவர் அதிகாலை ஐந்து மணிக்கு இங்கே இறங்குகிறார். எட்டரைக்குக் கூட்டம். அவருக்கு வேண்டியது குளிக்க ஒரு குளியலறை, சட்டை மாற்ற ஓர் இடம், முடிந்தால் ஒரு மணி நேரத் தூக்கம், ஒரு கோப்பை பால் தேநீர். செயலியிலுள்ள ஹோட்டல்களோ அறையைப் பிற்பகல் இரண்டு மணிக்குத்தான் கையளிக்கும். புதன்கிழமை விடிய அறை வேண்டுமென்றால் செவ்வாய்க்கிழமை இரவுக்கும் சேர்த்துப் பதியுமாறு செயலி சொல்கிறது. பதிந்தால், ஒரு பயணிக்கு ஒரே இரவில் பஸ்ஸும் அறையும் எதற்கு என்று கொழும்பிலிருந்து கேள்வி வருகிறது. நியாயமான கேள்வி, பதில் எழுதி எழுதி எனக்குத்தான் அலுத்துவிட்டது.

நல்லூர்ப் பக்கத்தில் ஓய்வுபெற்ற ஆசிரியத் தம்பதியர் தங்கள் வீட்டின் மேல்மாடியில் நான்கு அறைகளை விருந்தினருக்கு விடுகிறார்கள். செயலிக்கு முன்னைய காலத்தில் எமது ஆட்களில் பாதிப் பேர் அங்கேதான் தங்கினார்கள். முதல்நாள் மாலை நான் ஒரு அழைப்பு எடுத்து, "ரீச்சர், நாளைக்கு விடிய ரெண்டு பேர் வருவினம்" என்றால் போதும். "ஓம் பிள்ளை, வரட்டும். கேற்றைத் திறந்து விடுறன். ஒராள் சைவமோ?" என்பார். வருகிறவர்களுக்கு வாளியில் சுடுநீர் இருக்கும். ஏழு மணிக்கு இடியப்பம், சொதி, சம்பல். விடியற்காலை அறைக்கென்று அவர் ஒருநாளும் தனிக் கட்டணம் எடுத்ததில்லை. ஆள் வரும் நேரம்தானே அறை தொடங்கும் நேரம் என்பது அவருடைய கணக்கு. எழுதுவதற்கு மேசையும், மின்சாரம் நின்றால் ஒரு சிறிய மின்பிறப்பாக்கியும் இருந்தன. இந்த வீடு செயலியில் இல்லை. வருவதற்கான வழியும் இலகுவாக இல்லை. வணிகப் பதிவுப் பத்திரம், வங்கி விபரம், ஆங்கிலத்தில் அறை வர்ணனை, இத்தனை நாளுக்கு முன் இரத்துச் செய்தால் இவ்வளவு என்ற விதிமுறை, ஒவ்வொரு பதிவிலும் தரகு. படிவத்தை நானே நிரப்பித் தருகிறேன் என்று சொல்லிப் பார்த்தேன். "வாறவை வரட்டும் பிள்ளை, இதெல்லாம் எங்களுக்கு ஏன்" என்று சிரித்துவிட்டார். இப்போது எமது ஆட்கள் அங்கே தங்குவதில்லை. அவருடைய மாதாந்த வருமானத்தில் எமது நிறுவனத்தின் பங்கு எவ்வளவாக இருந்தது என்று கேட்க எனக்கு மனம் வரவில்லை.

தலைமையகத்தின் பக்கத்திலும் ஒரு நியாயம் இருக்கிறது. அதை மறைப்பது நேர்மையாகாது. பெறுமதி சேர் வரி 2024 ஜனவரியிலிருந்து 18 சதவீதம். வரிக்குப் பதிந்த ஹோட்டல் முறையான வரிப் பற்றுச்சீட்டுத் தருகிறது; அதை வைத்துக் கணக்குப் பகுதி செய்யவேண்டியதைச் செய்கிறது. ரீச்சர் வீட்டில் கிடைப்பது காபன் தாள் வைத்து எழுதிய சீட்டு. கணக்காய்வாளரே அந்த வீட்டில் தங்கி இடியப்பம் சாப்பிட்டுவிட்டு, அதே சீட்டைச் சிவப்பு மையால் வட்டமிட்ட சம்பவமும் உண்டு. அவருடைய கடமையை அவர் செய்தார்.

விலை வரம்பைப் பற்றி இன்னொரு முறைப்பாடு. செயலியில் யாழ்ப்பாணத்துக்கு ஓர் இரவுக்கு இவ்வளவு என்று ஒரே உச்ச வரம்பு ஆண்டு முழுவதற்கும் இடப்பட்டிருந்தது. நல்லூர்த் திருவிழா 25 நாள். ஆடி ஆவணியில் புலம்பெயர்ந்தவர்கள் குடும்பத்தோடு வந்து இறங்கும் காலம். தேருக்கும் தீர்த்தத்துக்கும் அண்மித்த நாட்களில் நகரத்தில் அறை கிடைப்பதே பெரிய காரியம், கிடைத்தால் விலை வேறு. அந்த நாட்களில் செயலி எல்லா அறைகளையும் சிவப்பில் காட்டி, வரம்புக்குள் இருப்பதாக ஒன்றே ஒன்றைப் பச்சையில் காட்டியது: பருத்தித்துறையில். நகரத்திலிருந்து ஏறத்தாழ 33 கிலோமீற்றர். கொழும்பிலிருந்த அனுமதியாளருக்கு அதுவும் யாழ்ப்பாணந்தானே. இதற்குத் தீர்வு செயலிக்குள்ளேயே இருந்தது என்பதை நான் ஐந்தாவது மாதத்தில்தான் கண்டுபிடித்தேன். நிலையான தொகைக்குப் பதிலாக, அன்றைய சந்தை விலையின் நடுப்பெறுமதியைக் கணித்து அதற்கு மேல் இத்தனை சதவீதம் வரை அனுமதிக்கும் ஏற்பாடு ஒன்று இவ்வகைச் செயலிகளில் இப்போது பொதுவாக உண்டு. நகரத்தில் விலை ஏறினால் வரம்பும் ஏறும், இறங்கினால் இறங்கும். அதைச் செயற்படுத்திய பின்னர் அனுமதிக் கோரிக்கைகள் வெகுவாகக் குறைந்தன. இந்தச் செயலியை வாங்குகிறவர்கள் முதல் நாளிலேயே இதைக் கேட்டுப் போட்டுக்கொள்ள வேண்டும். விற்பனையாளர் தானாக வந்து சொல்லமாட்டார்.

சென்னைப் பயணங்களில் செயலிக்கு முழுப் புள்ளி கொடுக்கலாம். பலாலியில் யாழ்ப்பாணம் சர்வதேச விமான நிலையம் 2019 ஒக்டோபரில் திறக்கப்பட்டு, கொவிட் காலத்தில் சேவை நின்று, 2022 டிசம்பரில் அலையன்ஸ் எயார் மீண்டும் பறக்கத் தொடங்கியது. 2024 செப்டெம்பர் 1ஆம் திகதி இன்டிகோவும் சென்னையிலிருந்து வந்தது. 2025 மார்ச் இறுதியில் திருச்சிச் சேவையையும் அது தொடங்கியது. ஓடுபாதையின் நீளத்துக்கேற்ப வருவது ஏரிஆர் 72 என்ற சுழல்விசிறி விமானம். இன்டிகோவினதில் 78 இருக்கைகள். முன்னர் எமது பொறியியலாளர் ஒருவர் சென்னை போவதென்றால் முதலில் ஓர் இரவு பஸ்ஸில் கொழும்பு, அங்கிருந்து கட்டுநாயக்க, பின்னர் விமானம் என்று ஏறத்தாழ ஒரு முழு நாள் போய்விடும். இப்போது நகரத்திலிருந்து ஏறக்குறைய 16 கிலோமீற்றர் போய், ஏறத்தாழ ஒன்றேகால் மணி நேரம் பறந்தால் சென்னை. செயலி இந்த விமானங்களின் நேரமாற்றத்தை எமக்கு முன்னரே அறிந்து குறுஞ்செய்தி அனுப்புகிறது. விமானம் இரத்தானால் மாற்று வழியைத் தேடித் தருகிறது. ஒருமுறை கடும் மழையால் விமானம் வராமல் போனபோது, கட்டுநாயக்க வழியாக மறுநாள் காலைக்கு இருக்கையும் அன்றிரவுக்குச் சென்னையில் அறையும் பதினைந்து நிமிடத்துக்குள் கிடைத்தன. தொலைபேசியும் குறிப்புப் புத்தகமும் வைத்து நான் அதைச் செய்திருக்க முடியாது.

ஒரு சிறிய எச்சரிக்கை மட்டும். விமான நிறுவனங்கள் இப்போது இருக்கை, பொதி, உணவு, திகதி மாற்றும் உரிமை ஆகியவற்றைத் துண்டு துண்டாக விற்கின்றன. அதை முகவர்களின் திரைக்குக் கொண்டுவருவதற்கென சர்வதேச விமானப் போக்குவரத்துச் சங்கமான ஐயாட்டா 2012இல் அறிவித்த தரநிலை மெல்ல மெல்ல எல்லா இடத்துக்கும் பரவி வருகிறது. செயலியில் முதலில் தெரியும் கட்டணத்தில் எவை அடங்கும் என்பதை விரித்துப் பார்க்காமல் பதியக்கூடாது. கருவிப் பெட்டியோடு போன ஒருவர் பொதிக் கட்டணத்தை விமான நிலையத்தில் தன் கையால் கட்ட நேர்ந்தது.

பயணங்களின் தன்மையும் மாறிவிட்டது. இதைச் செயலி என்னைவிட முன்னரே எதிர்பார்த்திருந்தது என்பதை ஒப்புக்கொள்கிறேன். கொவிட்டுக்கு முன்னர் கொழும்பிலிருந்து ஒரு முகாமையாளர் ஒரு நாள் கூட்டத்துக்காக மாதந்தோறும் வருவார். காணொளியில் கதைக்கலாம் என்று ஆகிவிட்ட பின்னர் அந்த ஒருநாள் பயணங்கள் இல்லாமல் போய்விட்டன. அதற்குப் பதிலாகக் காலாண்டுக்கு ஒருமுறை வந்து நாலைந்து நாள் தங்கி எல்லாவற்றையும் ஒன்றாக முடிக்கிறார்கள். வியாழன் வெள்ளியில் வேலை முடிந்தால் சனி ஞாயிறை வைத்துக்கொண்டு, குடும்பத்தையும் வரவழைத்து, குறிகட்டுவானில் படகு ஏறி நயினாதீவுக்கோ நெடுந்தீவுக்கோ போய்விட்டுத் திரும்புகிறார்கள். முன்னர் இது இரகசியமாக நடந்தது. இப்போது கொள்கையிலேயே இடம் உண்டு. நிறுவனத்துக்குரிய இரவுகளுக்கு நிறுவனத்தின் அட்டை, மிகுதி இரவுகளுக்குப் பயணியின் சொந்த அட்டை என்று ஒரே பதிவைச் செயலி இரண்டாகப் பிரித்துத் தருகிறது. காப்புறுதி எந்த நாளோடு முடிகிறது என்பதையும் எழுத்தில் காட்டுகிறது. சனிக்கிழமை படகில் வழுக்கி விழுந்தால் யார் பொறுப்பு என்ற வாக்குவாதம் எமது அலுவலகத்தில் ஒருமுறை நடந்திருக்கிறது. அதனால் இந்த வசதியின் அருமை தெரியும்.

பொறுப்பு என்று வரும்போது, என்னை உண்மையில் கவலைப்படுத்தும் விடயத்துக்கு வருகிறேன். வேலைக்காக வெளியூர் அனுப்பப்பட்டவரின் பாதுகாப்பு நிறுவனத்தின் கடமை என்ற எண்ணம் வலுத்து, 2021இல் ஐஎஸ்ஓ 31030 என்ற வழிகாட்டல் தரநிலையே வெளிவந்திருக்கிறது. எமது செயலியின் விற்பனையாளரும் அதைப் பற்றித்தான் அதிக நேரம் பேசினார்: ஒரு வரைபடம், அதில் பயணத்திலிருக்கும் ஒவ்வொருவருக்கும் ஒரு புள்ளி, ஆபத்து வந்தால் புள்ளிக்கு உடனே செய்தி. 2025 நவம்பர் 28ஆம் திகதி டித்வா சூறாவளி நாட்டைத் தாக்கியபோது எமது மூவர் வெளியே இருந்தார்கள். ஒருவர் கொழும்பில், செயலி மூலம் பதிந்த ஹோட்டலில். அவருக்கு எச்சரிக்கை வந்தது, "பாதுகாப்பாக இருக்கிறேன்" என்ற பொத்தானை அவர் அழுத்தினார், வரைபடத்தில் அவருடைய புள்ளி பச்சையானது. மற்ற இருவரும் இரவு பஸ்ஸில். அவர்கள் ஆசனம் பதிந்தது தொலைபேசியில் என்பதால், அவர்கள் யாழ்ப்பாணத்தில் தங்கள் வீட்டில் இருப்பதாகச் செயலி நினைத்துக்கொண்டிருந்தது. தலைமையகத்திலிருந்து, பயணத்திலுள்ள அனைவரும் நலம் என்று காலை ஆறரைக்கு மின்னஞ்சல் வந்தது. அப்போது நான் நடத்துநரின் எண்ணுக்கும் பஸ் உரிமையாளரின் எண்ணுக்கும் மாறி மாறி அழைப்பு எடுத்துக்கொண்டிருந்தேன். வவுனியாவுக்கு அப்பால் போக முடியாமல் ஒரு கடையோரம் பஸ் நிற்கிறது, எல்லோருக்கும் தேநீர் கிடைத்தது என்று உரிமையாளர் சொன்னபோது ஒன்பது மணி. எந்தப் புள்ளியும் இல்லாமல் போனவர்கள்தான் வெள்ளத்துக்கு நடுவில் இருந்தார்கள். செயலியை முழுவதும் நம்பி என் குறிப்புப் புத்தகத்தை அதற்கு முன் எறிந்திருந்தால், அன்று யாரிடம் கேட்டிருப்பேன் என்று தெரியாது.

இதே குருட்டுத்தனம் வேறோர் இடத்தில் வேடிக்கையாகவும் வெளிப்படுகிறது. எமது ஐரோப்பிய வாடிக்கையாளர் ஒருவர் ஆண்டுதோறும் காபன் உமிழ்வுக் கணக்குக் கேட்கிறார். பசுமைக்குடில் வாயு நெறிமுறையில் நிறுவனப் பயணங்கள் மூன்றாம் பரப்பின், அதாவது நிறுவனத்தின் வேலைக்காகப் பிறர் வெளியிடும் உமிழ்வுகளின், ஆறாவது வகைக்குள் வருகின்றன. செயலி அந்தக் கணக்கை ஒரு நொடியில் அழகான வரைபடமாகத் தந்துவிடுகிறது. பஸ்ஸும் புகையிரதமும் முச்சக்கரவண்டியும் அதில் இல்லாததால், எமது கிளை சென்னைக்கு மட்டும் போகிறது, கொழும்புக்கு எவரும் போவதே இல்லை. புகையிரதத்தில் போவதே குறைந்த உமிழ்வு என்ற அறிவுரையும் அதே திரையின் கீழே வருகிறது. ஆசனம் எடுக்கத்தான் வழியில்லை.

உரையாடி உதவும் செயற்கை நுண்ணறிவுத் துணைவன் ஒன்றும் உண்டு. ஆங்கிலத்தில் கேட்டால் பணிவாகப் பதில் சொல்கிறது, தமிழில் கேட்டாலும் ஓரளவு புரிந்துகொள்கிறது. அச்சுவேலிக் கைத்தொழில் பேட்டையில் கூட்டம், அருகில் அறை வேண்டும் என்று கேட்டபோது அநுராதபுரத்தில் ஒன்றைக் காட்டியது. அதன் பிறகு நான் அதோடு கதைக்கவில்லை.

சந்தாவைப் புதுப்பிக்கலாம் என்றே அறிக்கையில் எழுதியிருக்கிறேன். இந்தியப் பயணங்களுக்கும், ஹோட்டல் கட்டணத்தை உத்தியோகத்தரின் சட்டைப்பையிலிருந்து அகற்றியதற்கும் அது கேட்கும் விலை நியாயமானது. ஆண்டுக்கு ஐந்தாறு வெளிநாட்டுப் பயணம்கூட இல்லாத, கொழும்போடு மட்டும் போக்குவரத்துள்ள அலுவலகம் இதை வாங்கவேண்டிய தேவையில்லை. ஒரு நிறுவனக் கடனட்டையும் கொஞ்சம் முற்பணமும் அதே பாரத்தைக் குறைக்கும். புதுப்பிப்புக்கு இரண்டு நிபந்தனைகளும் வைத்திருக்கிறேன். விடிய வருகிறவர்களுக்காக, செயலிக்கு வெளியே தங்குமிடம் எடுக்க மாதத்துக்கு ஒரு சிறு தொகையைக் கிளைக்கு விடவேண்டும். ரீச்சர் வீட்டை மனதில் வைத்துத்தான் எழுதினேன், பெயர் போடவில்லை. இரண்டாவது, பஸ்ஸிலும் புகையிரதத்திலும் போகிறவர்களின் விபரத்தைக் கையாலாவது செயலியில் ஏற்றும் வழி வேண்டும்.

இரண்டாவதைச் சேவை நிறுவனத்துக்கே எழுதிக் கேட்டேன். எதிர்காலப் பதிப்பில் பரிசீலிப்பதாகவும், அதுவரை "ஏனைய போக்குவரத்து" என்ற பெட்டியைப் பாவிக்குமாறும் பதில் வந்தது. அந்தப் பெட்டி எங்கே இருக்கிறது என்று கண்டுபிடிக்க இரண்டு நாளாயிற்று. அதில் 60 எழுத்துகளுக்கு இடம் உண்டு. ஆங்கிலத்துக்கு அது போதும்; தமிழில் "கொ" என்று ஒரு எழுத்தை அடித்தால் மெய்க்கொன்று உயிர்க்குறிக்கொன்று என இரண்டாக எண்ணிக்கொள்கிறது, "கொழும்பு" முடியும்போதே எட்டுப் போய்விடும். ஆகையால் ஊர்ப்பெயரை விட்டுவிட்டு, பஸ் இலக்கம், ஆசன இலக்கம், நடத்துநரின் தொலைபேசி எண் என்று இலக்கங்களை மட்டும் இட்டு வருகிறேன். போன வெள்ளிக்கிழமை போன நால்வருக்கும் அப்படி இட்டேன். வரைபடத்தில் நான்கு சாம்பல் நிறப் புள்ளிகள் தோன்றின, நான்கும் யாழ்ப்பாணத்திலேயே நின்றன.